உலகத் திட்டமும் ஒரு முழங்கையும்

நீடாமங்கலத்தில் நான் பிசியோதெரபி பார்க்கிறேன். குத்தகை நிலத் தகராறில் வலது முழங்கை உடைந்த விவசாயி ஒருவர், மாவுக்கட்டைப் பிரித்ததும் என்னிடம் வந்தார். கையைத் தினமும் மடக்கி நீட்டிப் பழக்க வேண்டிய நேரம். எனக்கோ எங்கள் சர்வதேசச் சங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டக் கூட்டத்துக்கு விமானம் ஏறும் அவசரம்.

"நான் வர்ற வரைக்கும் கையை ஜாக்கிரதையாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளினிக்கைப் பூட்டினேன்.

அங்கே, சிகிச்சை 'அனைவருக்கும்' என்று எழுதுவதா, 'ஒவ்வொருவருக்கும்' என்று எழுதுவதா என்று நாள் முழுக்கச் சண்டை. ஒவ்வொருவருக்கும் என்று நான்தான் அதிகம் கத்தினேன். ஜெயித்தும் தொலைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால், அவர் நான் சொன்னபடியே கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் காத்திருந்தார். முழங்கை இறுகிவிட்டது. பிறகு எவ்வளவு முயன்றும் அது முழுசாக மடங்கவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்து, பந்தியில் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டேன்.

"நீங்க சாப்பிடுங்க டாக்டர். நான் வீட்ல போய் சாப்பிட்டுக்கறேன்."

வலது கை வாய்க்கு எட்டாதவர், நாலு பேர் முன்னால் இடது கையால் எப்படிச் சாப்பிடுவார்?

என் இலையில் சோறு விழுந்தது. பிசைந்தேன். கை தானாக மடங்கி வாய்க்கு வந்தது.