காற்று இரைச்சலில் கேட்கவில்லையாம்

மூன்று வருடங்களுக்கு முன், பிளஸ் ஒன் முடித்த கோடை விடுமுறையில் முட்டுக்காடு காயலில் நடந்தது இது. அங்கே ஒரு படகுச் சங்கத்தில் பெற்றோரில் ஒருவருக்கும் பிள்ளைக்கும் ஜோடியாகப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நான் பேர் கொடுத்துவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். ஒரகடத்தில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை அவருக்கு. வார லீவில்கூடத் தூங்க விடமாட்டேன் என்கிறாள் என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

சுக்கான் என் கையில். எனக்கு முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றைப் பிடிப்பது அப்பா. படகைத் திருப்பும்போது பெரிய பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். அதற்கு முன் நான் குரல் கொடுக்க வேண்டும், அவர் குனிந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும்.

சில தடவை அழகாகக் குனிந்தார். சில தடவை நான் கத்தியும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார் என்பது வீட்டில் அம்மாவின் நிரந்தரப் புகார்.

மூன்றாவது வாரம் காற்று பலம். "அப்பா, குனி!" என்று கத்திவிட்டுத் திருப்பினேன். அவர் அசையவில்லை. கட்டை நெற்றியில் அடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டது. மிதவைச் சட்டை மேலே கொண்டுவந்தது, ஆனால் முகமெல்லாம் ரத்தம். பயிற்சியாளர்தான் தன் படகில் வந்து தூக்கினார்.

கிளினிக்கில் கட்டுப் போட்டு, வெளியே டீக்கடையில் நின்றோம். பயமெல்லாம் கோபமாக மாறியிருந்தது. "இன்னாப்பா, நான் கத்தனது காதுலயே வுழலையா?"

"காத்து சத்தத்துல கேக்கலம்மா."

காற்று எப்போதும்தானே அடித்தது? யோசித்துப் பார்த்தேன். படகின் வலப்பக்க விளிம்பில் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும், அப்போதெல்லாம் குனிந்தார். இடப்பக்கம் மாறினால் வலது காது. அப்போதுதான் தவறினார். மெல்ல அவருக்கு வலப்பக்கம் போய் "அப்பா" என்றேன். டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

இடப்பக்கம் வந்து கேட்டதும் ஒப்புக்கொண்டார். "ரொம்ப நாளா அப்படித்தான் கீது. மெஷின் அந்தப் பக்கம்தானே. தெரிஞ்சா லைன்லேர்ந்து தூக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." எனக்கு அழுகை வந்துவிட்டது.

காயம் ஆறிய பிறகு மறுபடி போனோம். சுக்கான், பெரிய பாயின் கயிறு என்று எனக்கு இரண்டு கையிலும் வேலை. சைகை காட்ட மிச்சமிருந்தது கால்தான். அப்பாவைக் காலால் தொடுவதா என்று தயங்கினேன். "மண்ட உடையறதுக்கு இது தேவல, ஒதம்மா" என்றார். உதைத்தேன். ஒரு தடவைகூடத் தவறாமல் குனிந்தார்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். போன காது போனதுதான், மற்றதையாவது காப்பாற்றுங்கள் என்றார். அப்பா கம்பெனியில் சொல்லிவிட்டு பேக்கிங்குக்கு மாறினார். இப்போதும், யாராவது என் பேச்சை மதிக்கவில்லை என்று கோபம் வந்தால், அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் நின்று பேசினேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.