டோல்பர்ட் என்று கூப்பிட்டால்

நான் நியூ கேனானை விட்டுக் கிளம்பியது ஒரு மே மாத வியாழக்கிழமை. சனிக்கிழமை குதிரைப் போட்டி. ஊரே மைதானத்துக்கு வேலியடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டவள் பக்கத்து வீட்டு ஓஸெல்லா க்ரம்ப். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

"பேர் வாசிக்கறதுக்காவது இருந்துட்டுப் போயேன்டி" என்றாள்.

"அதான் அம்மா இருக்காங்கல்ல" என்றேன்.

அலபாமாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்து, ஓக்லஹோமாவில் யார் தயவும் இல்லாமல் இந்த ஊரைக் கட்டியவை முப்பத்தொரு கறுப்புக் குடும்பங்கள். வருஷா வருஷம் போட்டியன்று ஊர்வலம் புறப்படுமுன் தேவாலய வாசலில் சபை ஊழியரான டீக்கன் அந்தப் பெயர்களை வாசிப்பார். அந்தந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். குடும்பத்தார் கைகாட்டினால் வெளியாளும் சொல்லலாம். யாரும் பதில் சொல்லாத பெயரை மறுவருஷம் வாசிக்க மாட்டார்கள். இப்போது பத்தொன்பது பெயர்கள்தான் மிச்சம், எங்கள் டோல்பர்ட் உட்பட. க்ரம்ப் என்ற பெயர் அதில் என்றுமே இருந்ததில்லை. ஓஸெல்லாவின் தாத்தா ஊர் எழும்பிய பிறகு பருத்தி எடுக்க வந்தவர்.

நான் போன மூன்றாம் வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. அப்போது நான் ஒரு பயணிகள் கப்பலின் சமையற்கட்டில் இருந்தேன். "வரேன்" என்று எழுதினேன். வந்து சேர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஓஸெல்லா எங்கள் அடுப்படியில் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு உப்பு எங்கே இருக்கிறதென்று நான் அவளைக் கேட்க வேண்டியிருந்தது. அம்மா தொண்டைக்குள் ஏதோ முனகினாள். நான் தண்ணீர் எடுத்துப் போனேன், அம்மா தட்டிவிட்டாள். "மிஸ் ஒரீத்தா சிவப்பு சோடா கேக்கறாங்க" என்றாள் ஓஸெல்லா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த வாரமே குதிரைப் போட்டி. சனிக்கிழமை டீக்கன் "டோல்பர்ட்" என்று வாசித்தார். நான் எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் பக்கத்திலிருந்து "இருக்கோம்" என்று ஒரு குரல் மைதானம்வரை போய்விட்டது. ஓஸெல்லா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டோல்பர்ட் வீட்ல ரெட்டைப் பிள்ளைங்க போல" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மா, பாதி வாயால்.

ஓஸெல்லாவைக் கறி சுடுகிற இடத்தில் பிடித்தேன்.

"வேணும்னு பண்ணல வெர்னிஸ். மூணு வருஷமா உங்கம்மா கைகாட்ட நான்தான சொன்னேன், பழக்கத்துல வாய் முந்திக்கிச்சு."

"உனக்குன்னு ஒரு பேரு இல்லன்னு எங்க பேர எடுத்து மாட்டிக்கிட்டியா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த கடுகுக் குழம்பை நிதானமாகத் துடைத்தாள்.

"சின்ன வயசுல உங்க பேரு வாசிக்கறப்ப நீ உங்கம்மா பக்கத்துல கொட்டாவி விட்டுக்கிட்டு நிப்ப. பின்னாடி உக்காந்திருக்கற எனக்கு உன்ன ஓங்கி அறையணும்போல இருக்கும்."

"இனிமே எங்க பேருக்கு நீ வாயத் திறக்காத. நான் இருக்கேன்."

"இருப்பியா?"

"இருப்பேன்."

"சரி, திறக்கல" என்றாள்.

டல்சாவில் நகரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தும், அம்மாவைக் காலையில் குளிப்பாட்ட ஆளில்லை என்று அவள் போகவில்லையாம். இதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு நன்றி வரவில்லை. அதற்கும் பொறாமைதான் வந்தது.

மறுவருஷம் நானே நின்று பதில் சொன்னேன். என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. அடுத்த பிப்ரவரியில் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. மே மாதத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அம்மாவை மறுபடி ஓஸெல்லாவிடமே விட்டுப் போனேன். மே வந்தபோது லிஸ்பன் துறைமுகத்தில் இருந்தேன். எப்படியும் அவள் எழுந்து சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுமே எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் கடைசியில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

"உங்க பேரு வாசிச்சப்ப மிஸ் ஒரீத்தா என் கையப் புடிச்சு மேல தூக்குனாங்க, ரெண்டு தடவ. உனக்குச் சொன்ன சொல்லுக்காக நான் எந்திரிக்கல. டீக்கன் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாரு. அன்னிலேருந்து உங்கம்மா என் கையால சாப்பிட மாட்டேங்கறாங்க, வேற யாராவது வந்து ஊட்டுனாத்தான். இப்ப நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."