அலமாரி என்று திறந்த கதவு

தேனியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. போகிற இடத்தில் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கம்பத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பாதியை இடித்துக் கட்ட அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் முந்தியே போய்த் தெருவை மேலும் கீழும் நடந்தேன்.

ராமநாதபுரம் பக்கமிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் கட்டிய தெரு அது. வாசலெல்லாம் நெஞ்சு உயரத்தில், செங்குத்தாக ஏழு படி. மழைத் தண்ணீருக்குப் பயந்திருக்கிறார்கள் என்று நானாக முடிவுகட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"தண்ணிக்கு இல்லம்மா. மாட்டு வண்டி உசரத்துக்குக் கட்டுனாக. மூட்டைய அப்படியே உள்ள உருட்டிரலாம்ல?"

அடேயப்பா! மூட்டைக்குத்தான் வீடு, மனுஷர் ஏறி இறங்குவதெல்லாம் அப்புறம். முன்பக்கம் மொட்டைமாடி, பின்பக்கம் மலைக்கு அந்தப் புறத்து மலையாளக் கைவேலையாக ஓட்டுக்கூரை. இரண்டு ஊர்க் கொத்தனார்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே கட்டி முடித்ததுபோல் இருந்தது. எழுதியதை அடித்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்கார அக்கா டீ போட, நான் டேப்பை நீட்டினேன். சமையலறைப் பக்கச் சுவரில் ஒடுக்கமான மரக்கதவு ஒன்று. அலமாரியின் ஆழம் வேண்டுமே என்று திறந்தால், அந்தப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாக்கர்.

"ஐயோ, அலமாரின்னு நெனச்சுட்டேம்மா!"

"ஏ ஆத்தா, என்னையும் சேத்து அளந்துறாத!"

எனக்கு வெட்கம் ஒருபக்கம், ஆவல் ஒருபக்கம். கதவைப் பற்றிக் கேட்டேன். வந்த புதிதில் இந்தத் தெருப் பெண்களுக்கு ஊரில் யாரையும் தெரியாதாம். ஒருவருக்கொருவர்தான் துணை. அதனால் வீட்டுக்கு வீடு சுவரில் கதவு வைத்தார்களாம். தெருவில் கால் வைக்காமல் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை போய்விடலாம். ஒவ்வொன்றாக அடைத்து, இப்போது மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

"முட்டி ஆபரேசனுக்கு அப்புறம் ஏழு படி எறங்க முடியலம்மா. பாகம் பிரிச்சதுல எங்க பின்வாசலும் போயிருச்சு. இவுக வீட்டு வழியாத்தான் படி எறங்காம பின்தெருவுக்குப் போறேன். இதுதான் என் வாசல்" என்றார் அந்த அம்மா. கதவில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவும் கேட்டவள்தான், தேனிக்கு வந்து வரைபடத்தில் அந்தச் சுவரை முழுச் சுவராகப் போட்டு, அதை ஒட்டி மாடிப்படி வைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் திறப்பு இருந்தால் முதலில் அடைப்பது தொழிலில் ஊறிய பழக்கம். கை தானாகப் போட்டுவிட்டது. படி அழகாக உட்கார்ந்ததென்று பெருமை வேறு!

அடுத்த வாரம் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். கதவு திறந்தது, வாக்கர் முதலில் வந்தது. அந்த அம்மா குனிந்து அறை அறையாகப் பார்த்தார். விரல் அந்தச் சுவர்மேல் வந்து நின்றது.

"இங்கன படியா?" என்றார். அத்தனை நேரம் தெருவைச் சுற்றிப் பார்த்த கண்ணை என்ன செய்வது என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கார அக்கா டீ தம்ளரை நகர்த்திவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"படிய அங்கிட்டுத் திருப்பும்மா. ஹால் சின்னதாப் போனாப் போகட்டும்."

"கதவு இருந்த மாதிரியே வச்சுரட்டுமாக்கா?"

"இருந்த மாதிரி வேணாம். தெனமும் வாக்கரச் சாய்ச்சு, இடிச்சுக்கிட்டுத்தான் வர்றாக. அரை அடி கூட்டிப் போடு."

நான் டேப்பை எடுத்து முதலில் வாக்கரின் அகலத்தை அளந்தேன்.