ஒன்றில் முடியும் இசைத்தட்டு

காலை பதினொன்று இருபதுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு இசைத்தட்டுகள் உறையில்லாமல் கிடந்தன. இரண்டிலும் ஒரே பழைய படத்தின் பாட்டுகள். உறைகளின் முன்பக்கப் படமும் ஒன்றே. திருச்சிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன மகள், கிளம்பும்போது ஒரே ஒரு வேலை சொல்லியிருந்தாள். திருக்கோகர்ணத்திலிருந்து ஒருவர் வருவார். பின்பக்கம் வழவழவென்று இருக்கும் உறையோடு உள்ள ரெக்கார்டை அவருக்குக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர் வேறொன்று தருவார். தடித்த அட்டையை ஓரம் மடித்து ஒட்டிய உறை வீட்டிலேயே இருக்க வேண்டும். அது படம் வந்தபோதே போட்ட முதல் பதிப்பு. மற்றது பல வருடம் கழித்து வந்தது.

வேலை போய் பெங்களூரிலிருந்து திரும்பி, அறைக்குள்ளேயே கிடந்தவள் வாய்விட்டுச் சிரித்தது, அந்த முதல் பதிப்பு கையில் கிடைத்த அன்றைக்குத்தான். அவள் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அலமாரியைத் தொட எனக்கு அனுமதி கிடைத்ததும் இதுவே முதல் முறை.

கொடுக்கத்தான் சொன்னாள். நான் துடைத்தேன். நம் வீட்டிலிருந்து ஒரு பொருள் தூசியோடு வெளியே போகலாமா? ஒன்றைத் துடைத்து இன்னொன்றை விடுவது ஓரவஞ்சனையாகப் பட்டதால் இரண்டையும் துடைத்தேன்.

சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டார். செல்லைத் தேடி, கண்ணாடியைத் தேடி, எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், மேசையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். நடுவில் ஒட்டிய லேபிள்கூட ஒரே நிறம். எது எதற்குள் இருந்தது? வருடக்கணக்காக வினாத்தாளில் ‘பொருத்துக’ கேட்கிறவள் நான். பளபளப்பான தட்டைப் பளபளப்பான உறைக்குள் போட்டேன். கீறல் விழுந்த தட்டு பழைய உறைக்குள் போனது. முழு மதிப்பெண் என்றே நினைத்தேன்.

வந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தட்ட வீட்ல போய்ப் பார்த்துக்கிறேங்க. டவுன் பஸ்ஸு வந்துரும்” என்று அதைப் பையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கொண்டுவந்ததை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் கூப்பிட்டாள்.

“குடுத்துட்டியாம்மா?”

“துடைச்சே குடுத்தேன்.”

“எதத் துடைச்ச?”

“ரெண்டையும்தான்.”

உடனே வீடியோ காலில் வந்தாள். வீட்டில் இருக்கும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். பாட்டுக் கோடுகள் முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையாக ஒரு வளையம். அதில் ஊசியால் கீறியதுபோல் பொடி எழுத்துகள். முதல் பதிப்பு என்றால் கடைசியில் ஒன்று என்ற எண் இருக்குமாம்.

“கடைசில என்ன போட்டிருக்கு?”

“மூணு.”

“நல்லாப் பாரும்மா.”

“எட்டா இருக்குமோ?”

“ஒன்னயப் பேப்பர் திருத்த விடுறாங்களே, அந்தப் புள்ளைகள நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

கேலி செய்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. அடுத்து, “சரி விடும்மா, போனாப் போகுது” என்றாள். பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கும் இதே குரலில், இதையேதான் சொன்னாள்.

ரெக்கார்டை வாங்கிப் போனவரின் செல் அணைந்திருந்தது. பாட்டுக் கேட்கும்போது அணைத்துவிடுவாராம். வீடு கோயில் பக்கம் என்பதைத் தவிர மகளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. திருக்கோகர்ணத்தில் எந்த வீடு கோயில் பக்கம் இல்லை? தெருத் தெருவாக நின்று, பாட்டு எங்கே கேட்கிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு தேடுவது என்று முடிவு செய்து, செருப்பை மாட்டினேன். கதவைப் பூட்டச் சாவியை எடுத்தேன்.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் அம்மாள் இறங்கி, துண்டில் சுற்றிய சதுரப் பொதி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“நீங்கதானங்க டீச்சர்? காலையில இங்க வந்தாரே, அவரு வீட்டுக்காரி நானு. வந்ததும் இத லைட்டுக்கு நேரா புடிச்சுப் பார்த்தாரு. ஒரே சிரிப்பு. அடுப்படி எங்கிட்டு இருக்குன்னே தெரியாத மனுசன், எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாருங்க! அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது எங்க பொருள் இல்லேன்னு. இப்பத் தூங்குறாரு. எந்திரிக்கிறதுக்குள்ள எங்களோடதக் குடுத்து அனுப்புங்க.”