துடைத்த பிறகும் நின்ற புள்ளிகள்

துரத்திவிட்டார்களா? யாரும் துரத்தவில்லை, அவளாகத்தான் போனாள். அலட்சியக்காரி என்று வாய் கூசாமல் பேசும் இந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஸ்கேன் சென்டரில் புற்று இருக்கிறதா என்று பார்க்க மார்பகப் படம் எடுத்து அனுப்பியது அந்த எக்ஸ்ரே அக்காதானே. மார்பை வைத்து அமுக்கும் தட்டு சில்லென்று இருக்குமே என்று உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி வைப்பாள். மச்சம் இருந்தால் அதன் மேல் ஓர் அடையாளம் ஒட்டுவாள்; இல்லாவிட்டால் படத்தில் அது கட்டி மாதிரி நின்று டாக்டரைக் குழப்பும். பவுடர் இருந்தால் ஈரத்துணியால் துடைப்பாள். பவுடரும் படத்தில் வெள்ளைப் புள்ளிதான், உள்ளே சுண்ணாம்பு படிந்தாலும் வெள்ளைப் புள்ளிதான். படிந்தது சாதுவானதா, புற்றின் தொடக்கமா என்று பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை.

பக்கத்து வீட்டுத் தையல்காரியின் படத்திலும் புள்ளிகள் தெரிந்தன.

“என்னடி, பவுடர் டப்பாவையே கவுத்துக்கிட்டு வந்தியா?”

“துணியில கோடு போடுற சாக்பீஸ்க்கா. எந்நேரமும் மேல கொட்டிக்கிட்டே இருக்கு.”

துடைத்து மறுபடி எடுத்தாள். புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன. ஓரமாக ஒரு கொத்து மட்டும் நின்றது.

“இன்னொரு வாட்டி அமுக்குனா உசுரே போயிடும். விட்டுடுக்கா,” என்று தையல்காரி கண்கலங்கினாள்.

அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. தான்தான் சரியாகத் துடைக்கவில்லை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, “அது சாக்பீஸ் தூள், டாக்டர்,” என்றாள். அவள் சொல் அதுவரை தப்பியதில்லை, டாக்டர் நம்பினார். அப்படி நம்பிய டாக்டரை இந்தத் தெரு ஒரு வார்த்தை கேட்டதா?

அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே கொத்து, பெருத்து நின்றது. ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்று. முன்பே பிடித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்திருக்கலாம். இப்போது மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் காட்டிக்கொடுக்கவில்லை. அக்காவே போய்த் தையல்காரியின் கட்டிலருகே நின்று, அந்தக் கொத்தைச் சாக்பீஸ் தூள் என்று டாக்டரிடம் சொன்னது தான்தான் என்றாள்.

“நான்தானேக்கா விடச் சொன்னேன்.”

“நீ வலியில சொன்னே. எனக்கென்னடி வலி?”

தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்தவள் ஓர் இளம்பெண். படம் துளிப் புள்ளியில்லாமல் இருந்தது. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. துடைத்தாள், அமுக்கினாள். மறுபடி துடைத்தாள், அமுக்கினாள். அந்தப் பெண் பல்லைக் கடித்து முனகியபோதுதான் கை நின்றது. அவளுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். தட்டைத் துடைத்தாள். தன் கோட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.