பூத்துதுங்களா?

நான் கல்யாணமாகிக் கோயமுத்தூர் மில் லைன் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்டுக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். விடிந்து அவர் வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், கண் சொருகும். ஆனாலும் வாசலில் வைத்திருந்த முல்லைக்கொடியின் வேரடியில் குனிந்துதான் முகம் கழுவுவார். சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்த புதிது. எங்கள் லைனுக்கு இன்னும் குழாய் வரவில்லை. முகம் கழுவிய தண்ணீரிலேயே கொடி கூரை ஏறியிருந்தது.

முல்லை அந்தியில்தான் அவிழும். அதற்குள் அவர் வேலைக்குப் போய்விடுவார். மொட்டுகளையெல்லாம் லைன் பெண்கள் நாங்கள் பறித்துக்கொள்வோம்.

"பொண்டாட்டி இல்லாத ஊட்டுக்குப் பூ எதுக்குங்கோ?" என்று எதிர்வீட்டு அக்கா சீண்டுவாள்.

"நீங்க வெக்கறீங்கல்லங்க," என்பார்.

காலையில் கோலம் போடும் என்னிடம் தினமும், "பூத்துதுங்களா அம்மணி?" என்று கேட்பார். நான் வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஒருநாள் மனசு கேட்கவில்லை. "நாலு பூவக் கொடியிலயே உட்டுப்போடட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க. ராத்திரி பூரா மிசின் சத்தமுங்க. வந்ததும் ஒரு மனுசக் கொரலு கேட்டாப் போதும். அதுக்குத்தானுங்க கேக்கறது."

அன்றிலிருந்து வாய்விட்டே பதில் சொன்னேன்.

மார்கழிப் பனியில் ஒரு மொட்டுகூட விடவில்லை. அந்த வெறுங்கொடியின் அடியில் முகம் கழுவிக்கொண்டே, "பூத்துதுங்களா அம்மணி?" என்றார்.

"பூத்துதுங்க," என்றேன்.

"சரிங்க அம்மணி," என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கோலத்திலிருந்து நான் தலையை நிமிர்த்தவே இல்லை.