நான் நன்றாயிருந்த நாட்கள்

எனக்கிருந்த நோய்க்கு இப்போது டாக்டர்கள் இருமுனைக் கோளாறு என்று பெயர் சொல்கிறார்கள். விழுப்புரத்தில் ரயில்வே லைன் வீட்டில் நான் குடித்தனம் நடத்திய காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது. படுத்துக் கிடந்தால் பேய்க்காற்று சேஷ்டை என்பார்கள். எழுந்து நடமாடினால் தெளிந்துவிட்டாள் என்பார்கள். இந்த இரண்டாவது பேச்சுதான் எங்களைக் கவிழ்த்தது.

யுத்தம் நடந்த காலம் அது. மகள் பிறந்த ஆறாம் மாதம் நான் படுத்தேன். பிள்ளை அழுவது காதில் விழும், எடுக்க வேண்டும் என்றும் தெரியும், கை மட்டும் நகராது. நாளெல்லாம் சுவரைப் பார்த்து அழுதேன். ரயில் பாதையைப் பழுதுபார்க்கும் கேங் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் விடியுமுன் தண்ணீர் பிடித்து, கேப்பைக் கூழ் காய்ச்சி எனக்கு ஊட்டிவிட்டுப் போவார். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாதங்கள் கழிந்தன. ஒருநாள் யாரும் எழுப்பாமல் எழுந்தேன். வீடு மெழுகினேன், தலை வாரினேன், அக்கம்பக்கத்துப் பெண்களை வாய்விட்டுச் சிரிக்கவைத்தேன். பார்க்க வந்த அண்ணிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "பொண்ணு தெளிஞ்சிட்டாடா, இனிமே கொயந்தைய இவகிட்ட வுடலாம்" என்று தம்பியிடம் சொல்லி, மறுவாரமே பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். பெண்பிள்ளை சிரித்த முகமாய் வேலை செய்தால் நோய் போயிற்று என்று நம்புகிற ஜனம் நாங்கள். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த வாரம் நான் தூங்கவே இல்லை. களைப்பும் இல்லை. பட்டாளத்து ரயில்கள் ஸ்டேஷனில் நின்று போகும். அதில் போகிற பிள்ளைகளெல்லாம் என் பிள்ளைகள் என்று தோன்றிவிட்டது. மாதம் முழுவதுக்குமான ரேஷன் அரிசியை ஒரே நாளில் ஊறப்போட்டு, ஆட்டி, இட்லி சுட்டுக் கூடையில் சுமந்துகொண்டு போனேன். பிள்ளையைப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினேன். வண்டி நகர்ந்தபோது அவள் விளிம்புக்குத் தவழ்ந்து போயிருந்தாள். ஒரு போர்ட்டர் பாய்ந்து பாவாடையைப் பிடித்து இழுத்தார். அவர் என்னைத் திட்டினார். நான் அவருக்கும் இரண்டு இட்லி கொடுத்தேன்.

அண்ணி பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். அடுத்த முறை நான் படுத்து, மெல்லத் தேறி, நாலு வார்த்தை பேசும் நிலைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தண்டவாளம் ஒடைஞ்ச எடத்துல நின்னுக்கினு கொடி காட்டினா வண்டி நிக்காது. ரொம்ப முன்னாடியே போய்க் காட்டணும். உனுக்கு எங்க ஆரம்பிக்குது, சொல்லு. அங்க நின்னுக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "கழுவின பாத்திரத்தையே நீ மறுபடியும் தொலக்குவ. அங்கதான் ஆரம்பம்."

அன்றிலிருந்து நானும் என் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சந்தோஷம் வந்தால் பயப்படக் கற்றுக்கொள்வது கொடுமையான படிப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இருந்ததால் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அதற்குள் அவளுக்கு நாலு வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

ஓர் ஆடி மாதக் காலையில், துலக்கிக் கவிழ்த்த சொம்பை நான் மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தின இரண்டு இரவும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உலகமே எனக்காக விடிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்தால் என் மனம் மாறிவிடும். பிள்ளைக்குச் சட்டை மாட்டி, பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போனேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகமெல்லாம் களையா கீது. எதுக்கும்மா இட்டுக்கினு வந்த?"

"அதுக்குத்தான் அண்ணி" என்றேன். அவருக்குப் புரிந்தது. கதவை ஒட்டி நின்றுகொண்டு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மகள் அழவில்லை. "எத்தினி நாளும்மா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

திரும்பும் வண்டியில் மல்லாட்டை என்று கூவி வேர்க்கடலை விற்கிறவளோடு விழுப்புரம் வரைக்கும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன். அழ வேண்டும் என்று தெரிந்தது. அந்த நோய் விடவில்லை. ஐப்பசி மழையில் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த அழுகை வந்தது. அதற்குள் என் மகள் அத்தையை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.